அரசு பெருநிறுவனங்களுக்குக் கொடுக்கும் சலுகை: எது ரகசியம், எதைக் கேட்டு வாங்கலாம்?

கேள்வி இது: ஒரு பெரிய நிறுவனத்தை வரவழைக்க மாநில அரசு நிலம், மானியம், வரிவிலக்கு என்று கொடுக்கிறது. முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம் என்பது மட்டும் செய்தியில் வருகிறது. பதிலுக்கு அரசு என்ன கொடுத்தது என்று கேட்டால் "வணிக ரகசியம்" என்று பதில் வருகிறது. இது சரிதானா? வெளியில் இருப்பவர் அதைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

முதலில் நேரடியான பதில். பேச்சு நடக்கும் காலத்தில் ஓரளவு ரகசியம் காப்பதில் நியாயம் இருக்கிறது. கையெழுத்தாகி, நிலமும் கைமாறிய பிறகு அந்த நியாயத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பூட்டி வைக்கப்படுவது பெரும்பாலும் அரசு கொடுத்த விலைதான். நிறுவனத்தின் தொழில்நுட்பம் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதே அரிது. அந்த விலையைக் கண்டுபிடிக்க வழி நிச்சயம் உண்டு. ஒப்பந்தம் என்ற ஒரு தாளை மட்டும் துரத்துகிறவர்கள் பாதியில் களைத்துப்போகிறார்கள். அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேறு பல அலுவலகங்கள் எழுதியே ஆகவேண்டிய தாள்களைத் தேடுகிறவர்கள் முக்கால்வாசியைச் சேர்த்துவிடுகிறார்கள்.

ரகசியம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எங்கே அவிழ்க்கலாம் என்பது புரியும். அமெரிக்காவில் இதற்கென்று ஒரு நடைமுறையே உருவாகியிருக்கிறது; அங்கே பல கோப்புகள் பின்னர் வெளியே வந்துவிட்டதால் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. நிறுவனம் நேராக வந்து நிற்பதில்லை. இடம் தேடிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள் முதலில் வருகிறார்கள். பெயர் சொல்லாத ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை ஏக்கர், இத்தனை மெகாவாட், தினம் இவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பார்கள். திட்டத்துக்கு ஒரு புனைபெயர் சூட்டப்படும். விஸ்கான்சினில் ஃபாக்ஸ்கான் திட்டம் கோப்புகளில் 'பறக்கும் கழுகு' என்றே இருந்தது. அடுத்து, பேச உட்காரும் அதிகாரிகளும் சில இடங்களில் மக்கள் பிரதிநிதிகளும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். நிலம் வாங்கவும் விண்ணப்பம் போடவும் யாரும் கேள்விப்படாத பெயரில் ஒரு துணை நிறுவனம் முளைக்கும். டெக்சாஸின் மிட்லோத்தியனில் கூகுள் வந்தது 'ஷார்கா எல்எல்சி' என்ற பெயரில்.

இதன் உச்சத்தைக் கான்சாஸில் பார்க்கலாம். 2022 பிப்ரவரியில் அந்த மாநிலம் ஒரு மாபெரும் திட்டத்துக்கான சலுகைச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்த நிறுவனத்துக்காக என்று வாக்களித்தவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலர் ரகசியக்காப்பில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஜூலையில்தான் அது பானசோனிக்கின் மின்கலத் தொழிற்சாலை, இடம் டி சோட்டோ, வேலை சுமார் 4,000, சலுகை 82.9 கோடி டாலர் வரை என்று வெளிவந்தது. பணத்தை ஒதுக்கும் அதிகாரம் உள்ள சபை, பெறுபவர் யார் என்று தெரியாமல் ஒதுக்கியது. சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கலாம். ஆனால் சபை எதற்காக இருக்கிறதோ அந்த வேலை அங்கே நடக்கவில்லை.

ரகசியத்தை ஆதரிப்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

ஒன்று, நில விலை. பெயர் தெரிந்தால் இடைத்தரகர்கள் முந்திக்கொண்டு வாங்கி விலையை ஏற்றிவிடுவார்கள். இது உண்மையான காரணம். 1964-65இல் டிஸ்னி நிறுவனம் ஃபுளோரிடாவில் பல போலிப் பெயர்களில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியது. 1965 அக்டோபரில் பெயர் வெளியானதும் சுற்றுவட்டார நில விலை தாறுமாறாக ஏறியது. ஆனால் இந்தக் காரணத்துக்கு ஆயுள் குறைவு. கடைசிப் பத்திரம் பதிவான அன்றோடு அது முடிகிறது.

இரண்டு, போட்டி. "நாம் கொடுப்பது தெரிந்தால் அடுத்த மாநிலம் கூட்டிக் கொடுத்துவிடும்." இது பலவீனமான காரணம், ஏனென்றால் ரகசியத்தால் இங்கே ஏமாறுவது அரசுதான். 2017 செப்டம்பரில் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் கேட்டபோது 238 ஊர்களும் வட்டாரங்களும் மனுப் போட்டன. 238 பேரின் சீட்டையும் பார்த்தவர் ஒரே ஆள், அமேசான். மற்ற 238 பேருக்கும் தங்கள் சீட்டு மட்டுமே தெரியும். போட்டியாளர் எவ்வளவு கொடுத்தார் என்று தெரியாதவர் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்.

மூன்று, வணிக ரகசியம். உற்பத்தி முறை, வாடிக்கையாளர் பட்டியல், மூலப்பொருள் வாங்கும் விலை, இன்னும் அறிவிக்காத பொருளின் விவரம் ஆகியவை உண்மையிலேயே காக்கப்பட வேண்டியவை. ஆனால் அரசு எத்தனை கோடி கொடுக்கிறது, எத்தனை ஆண்டுக்கு, என்ன நிபந்தனையில், தவறினால் என்ன ஆகும் என்பவை அரசின் கணக்கு. இவற்றை நிறுவனத்தின் ரகசியம் என்று அழைப்பது அப்பட்டமான தவறு. இந்த மூன்றாவது காரணத்தை எவ்வளவு தூரம் இழுப்பார்கள் என்பதற்கு ஒரேகனின் தி டால்ஸ் நகரம் உதாரணம். கூகுளின் தரவு மையங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. அது தொழில் ரகசியம் என்று சொல்லி, 2021இல் நகராட்சியே செய்தித்தாள்மீது வழக்குத் தொடுத்தது. 2022 டிசம்பரில் சமரசம் ஆகி எண்கள் வந்தன: 2021இல் மட்டும் 35.5 கோடி கேலன், அதாவது ஊரின் மொத்தப் பயன்பாட்டில் கால்பங்குக்கு மேல். அந்த எண் வெளியே வந்ததால் எந்தப் போட்டி நிறுவனமும் கூகுளை வீழ்த்திவிடவில்லை. ஊர்க்காரர்களுக்குத் தங்கள் தண்ணீர்க் கணக்கு தெரிந்தது.

காலவரம்பு வைத்து இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்த சட்டங்களும் உண்டு. ஃபுளோரிடாவில் நிறுவனம் எழுத்தில் கேட்டால் அதன் திட்ட விவரங்களை 12 மாதம் வரை ரகசியமாக வைக்கலாம். மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். சுரங்கம், எண்ணெய்த் துறையில் இயங்கும் பிரித்தெடுப்புத் தொழில் வெளிப்படைத்தன்மை முன்முயற்சி என்ற பன்னாட்டு அமைப்பு, 2021 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களை முழுமையாக வெளியிட வேண்டும் என்று உறுப்பு நாடுகளுக்கு விதித்திருக்கிறது. அதனால் அந்தத் தொழில்கள் படுத்துவிடவில்லை.

இனி விலைக்கு வருவோம். ஏனென்றால் ஆவணம் கையில் கிடைத்தும் அதைப் படிக்கத் தெரியாமல் விடுபவர்கள் அதிகம்.

விஸ்கான்சினின் ஃபாக்ஸ்கான் கணக்கு மிகத் தெளிவானது. 2017இல் மாநிலம் ஏறத்தாழ 285 கோடி டாலர் வரிச்சலுகை தர ஒப்புக்கொண்டது; நிறுவனம் 1,000 கோடி டாலர் முதலீடும் 13,000 வேலையும் தருவதாகச் சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்குச் சுமார் 2,19,000 டாலர். உள்ளாட்சிகள் போட்ட சாலை, குழாய், நிலச்செலவு இதில் சேரவில்லை. அந்த மாநிலத்தில் உற்பத்தி நிறுவனங்களுக்கு வருமான வரி ஏற்கெனவே கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே 'வரிச்சலுகை' என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி கருவூலத்திலிருந்து போகும் ரொக்கம். சட்டமன்றத்தின் சொந்த நிதிப் பிரிவே, மாநிலம் போட்ட பணம் திரும்ப 2043 ஆகும் என்று கணக்கிட்டது. 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது சலுகை 8 கோடி டாலர், வேலை 1,454, முதலீடு 67.2 கோடி டாலர் என்று சுருங்கியது. இப்போது ஒரு வேலைக்கு 55,000 டாலர். முதல் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் வெளியில் தெரிந்திருந்ததாலும், இலக்கு எட்டவில்லை என்று மாநில முகமை சலுகையை மறுக்க முடிந்ததாலும்தான் இந்தத் திருத்தமே சாத்தியமாயிற்று. நிபந்தனையே தெரியாவிட்டால் மீறல் யாருக்குத் தெரியும்?

சலுகை எப்போதும் 'மானியம்' என்ற பெயரில் வராது. மலிவு வட்டிக் கடனாக வரும்போதுதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நானோ கார்த் திட்டத்துக்கு 2007இல் மேற்கு வங்கம் 200 கோடி ரூபாயை 1 சதவீத வட்டியில், 21ஆம் ஆண்டிலிருந்து திருப்பிக் கொடுக்கும்படி ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தை அரசு வெளியிட முனைந்தபோது, 2008 செப்டம்பரில் டாட்டா மோட்டார்ஸ் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றது. பிறகு திட்டம் குஜராத்தின் சாணந்துக்குப் போனபோது கடன் வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கொடுப்பது 20 ஆண்டு கழித்து.

இப்படிப்பட்ட கடனின் உண்மை மதிப்பைக் கணக்கிடுவது எளிது. 100 கோடி கடன், 0.1 சதவீத வட்டி, 20 ஆண்டு கழித்து மொத்தமாகத் திருப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு கடன் வாங்கும் வட்டி 8 சதவீதம் என்றால், 20 ஆண்டு கழித்து வரும் 100 கோடியின் இன்றைய மதிப்பு சுமார் 21.5 கோடி. ஆண்டுதோறும் வரும் 10 லட்சம் வட்டியின் இன்றைய மதிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கும் சற்றுக் குறைவு. ஆக, கடன் என்று எழுதப்பட்ட 100 கோடியில் ஏறத்தாழ 77.5 கோடி திரும்பி வராத மானியம். நில விலைக் கழிவுக்கும் இதே முறைதான்: சந்தை விலையிலிருந்து ஒதுக்கீட்டு விலையைக் கழித்து, ஏக்கரால் பெருக்குங்கள். மின்வரி விலக்கு, முத்திரைத்தீர்வை விலக்கு, மாநில ஜிஎஸ்டியைத் திருப்பிக் கொடுப்பது, திட்டத்துக்கென்றே போடப்பட்ட சாலை, துணைமின் நிலையம், குழாய் எல்லாவற்றையும் கூட்டிய பிறகுதான் வேலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

அந்த 'வேலை' என்ற சொல்லையும் கூர்ந்து பாருங்கள். நேரடி ஊழியரா, ஒப்பந்தத் தொழிலாளியும் சேர்த்தா, கட்டுமானக் காலத்து ஆட்களும் கணக்கில் வருகிறார்களா? 'உருவாக்குதல்' என்றால் ஒரு நாள் பட்டியலில் இருந்தால் போதுமா, அல்லது ஐந்தாண்டு நீடிக்க வேண்டுமா? ஊதியத்துக்குக் கீழ்வரம்பு உண்டா? 2013இல் வாஷிங்டன் மாநிலம் போயிங்குக்கு 2040 வரை சுமார் 870 கோடி டாலர் வரிச்சலுகை கொடுத்தது. விமானத்தை அங்கேயே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இத்தனை பேரை வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற எண் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனம் அங்கே 12,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைத்தது. சலுகை தொடர்ந்தது. நிபந்தனை மீறப்படவில்லை, ஏனென்றால் அப்படியொரு நிபந்தனையே எழுதப்படவில்லை.

இன்னொரு கேள்வி ஒப்பந்தத்துக்கு வெளியே இருக்கிறது: சலுகை இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் வந்திருக்குமா? அப்ஜான் ஆய்வு நிலையத்தின் பொருளாதார அறிஞர் டிமோத்தி பார்ட்டிக் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் சொன்னது, சலுகையால்தான் முடிவு மாறியது என்று சொல்லத்தக்கவை 2 முதல் 25 சதவீதம் வரைதான் என்பது. மீதி முக்கால்வாசிக்கு மேல் எப்படியும் வந்திருக்கும். ஆகவே நிறுவனம் வேறு இடங்களையும் பரிசீலித்ததற்கு அரசு என்ன ஆதாரம் வாங்கிக் கோப்பில் வைத்தது என்று கேட்பது மிகப் பயனுள்ள கேள்வி. பெரும்பாலும் ஒரு கடிதம்தான் இருக்கும்.

இப்போது நடைமுறை. இந்தியாவில் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு தேடுவதாக வைத்துச் சொல்கிறேன். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பல சமயம் இரண்டு மூன்று பக்கம், சட்டப்படி கட்டுப்படுத்தாது. 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் அறிவிக்கப்பட்ட 6.64 லட்சம் கோடி ரூபாயும் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களின் கூட்டுத்தொகை. உண்மையான கொடுக்கல் வாங்கல் அதற்குப் பின் வரும் தாள்களில் இருக்கிறது. முக்கியமானது, தொழில் துறை அந்த நிறுவனத்துக்கென்று தனியாக வெளியிடும் சலுகைத் தொகுப்பு அரசாணை. மானிய விகிதம், உச்சவரம்பு, ஆண்டுகள், வேலை நிபந்தனை எல்லாம் அதில்தான் இருக்கும். "ஒப்பந்தத்தைக் கொடுங்கள்" என்று கேட்டு வெறும் பாராட்டுரை போன்ற மூன்று பக்கத்தை வாங்கிக்கொண்டு ஓய்ந்துபோவது அடிக்கடி நடக்கும் தவறு. அரசாணையைக் கேளுங்கள்.

அரசாணை கிடைக்காவிட்டாலும் அதன் நிழல் விழும் இடங்கள் பல. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யாரும் பார்க்கலாம், சான்றிட்ட நகல் வாங்கலாம் என்கிறது அதன் 57ஆம் பிரிவு. சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டு, ஆவண எண்ணை எடுத்து, குத்தகைப் பத்திர நகலுக்கு மனுச் செய்யுங்கள். ஏக்கர், விலை, ஆண்டு, எத்தனை மாதத்தில் உற்பத்தி தொடங்க வேண்டும், தவறினால் நிலம் திரும்புமா என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்.டி.ஐ.) மனு தேவையே இல்லை. சொல்லப்போனால் இந்த வழியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும்: சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமென்றால் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் விண்ணப்பமும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை கிலோ லிட்டர், எங்கிருந்து, எத்தனை மெகாவாட், எத்தனை ஊழியர் என்று அதில் எழுதியாக வேண்டும். மேடையில் சொன்ன வேலை எண்ணிக்கையும் இந்த அறிக்கையில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடங்கள் நிறையக் கிடைக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் கழிவுநீர் அளவு இருக்கும். மின்கட்டணச் சலுகை என்றால், மின்சாரச் சட்டம் 2003இன் 65ஆம் பிரிவுப்படி மாநில அரசு அந்தத் தொகையை முன்கூட்டியே மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டும். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளில் தடயம் தெரியும்.

நிறுவனத்தின் சொந்தக் கணக்கே பேசும் இடம் ஒன்று உண்டு. அரசு மானியங்களைப் பற்றிய இந்தியக் கணக்கியல் தரம் 20, மானியத்தின் தன்மை, அளவு, இன்னும் நிறைவேறாத நிபந்தனைகள் ஆகியவற்றைக் குறிப்புகளில் சொல்ல வேண்டும் என்கிறது. பட்டியலிடப்படாத நிறுவனமானாலும் அதன் ஆண்டுக் கணக்கை நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். பங்கு வெளியிடப்போகும் நிறுவனம் என்றால் இன்னும் நல்லது. முதலீட்டாளரிடம் மறைத்தால் வழக்கு வரும் என்பதால், "இந்தச் சலுகை நின்றுபோனால் எங்கள் லாபம் பாதிக்கும்" என்று இடர்க் காரணிகள் பகுதியில் தெளிவாக எழுதிவிடுவார்கள். குடிமகனுக்கு ரகசியமானது பங்குதாரருக்கு ரகசியமாக இருப்பதில்லை. இதையே பிறகு மேல்முறையீட்டில் ஆதாரமாக வைக்கலாம்.

ஆர்.டி.ஐ. மனுவை இவ்வளவும் திரட்டிய பிறகு போடுவது நல்லது. ஏன், எதற்கு என்று கேட்காதீர்கள். அவை 'தகவல்' ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். "சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்" என்றும் கேட்காதீர்கள். நிறுவனத்தின் பெயரையும், தெரிந்தால் துணை நிறுவனப் பெயரையும், காலவரம்பையும் குறிப்பிட்டு, ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: சலுகைத் தொகுப்பு அரசாணையும் அதன் திருத்தங்களும், ஆண்டுவாரியாக வழங்கப்பட்ட தொகை, நிறுவனம் சமர்ப்பித்த வேலைவாய்ப்புச் சான்றுகள், அதை அரசு சரிபார்த்த அறிக்கை, கோப்புக் குறிப்புகள், கையெழுத்தான ரகசியக்காப்பு ஒப்பந்தம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். எதெதை மறைக்க ஒப்புக்கொண்டார்கள், எத்தனை காலத்துக்கு என்பது அதில்தான் இருக்கிறது. தொழில் துறை, நிலம் கொடுத்த கழகம், தொழில் ஊக்குவிப்பு முகமை, வணிகவரித் துறை என்று தனித்தனியாகப் போடுங்கள். ஒரு கை மறைத்ததை இன்னொரு கை கொடுத்துவிடுவது சாதாரணம்.

மறுப்பு வந்தால் அது பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் 8(1)(d) என்ற பிரிவில் வரும். அந்தப் பிரிவு 'வணிகம்' என்று பெயர் உள்ள எல்லாவற்றையும் மூடுவதில்லை. வெளியிட்டால் மூன்றாம் தரப்பின் போட்டி நிலைக்குக் கேடு வரும் என்றிருக்க வேண்டும்; அப்படியே வந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். மறுப்பு சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு 19(5)ஆம் பிரிவுப்படி தகவல் அலுவலருடையது. ஒரு பகுதி ரகசியம் என்றால் 10ஆம் பிரிவுப்படி அதை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை, பயனாளிகள் விவரம், சலுகை பெற்றவர்கள் விவரம் ஆகியவற்றைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 4(1)(b)இன் 12, 13ஆம் உட்பிரிவுகள் சொல்கின்றன; தாமாக வெளியிட வேண்டியதைக் கேட்டும் மறுப்பது எப்படி என்பது வலுவான வாதம். அமைச்சரவைக் குறிப்பு என்று சொன்னால், முடிவெடுத்து விஷயம் நிறைவடைந்த பிறகு அதன் காரணங்களையும் வெளியிடலாம் என்கிறது 8(1)(i). டெண்டர் முடிவான பிறகு அதன் ஆவணங்களை ரகசியமாக வைக்கக் காரணமில்லை என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னதும் கைகொடுக்கும்.

நிறுவனத்தைக் கேட்க வேண்டும் என்று காத்திருக்க வைப்பார்கள். அது 11ஆம் பிரிவு. மனு வந்த 5 நாளில் நிறுவனத்துக்கு அறிவிப்பு, அறிவிப்புக் கிடைத்த 10 நாளில் அதன் பதில், மொத்தம் 40 நாளுக்குள் முடிவு. நிறுவனம் ஆட்சேபித்தது என்பது மட்டும் மறுக்கப் போதுமான காரணம் ஆகாது. அலுவலர் தானாக முடிவெடுக்க வேண்டும். நிறுவனத்தின் ஆட்சேபக் கடித நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த வரி அவர்களுக்கு வலிக்கிறது என்று அதில் தெரியும். அமேசானோடு வர்ஜீனியா போட்ட ஒப்பந்தத்தில், யாராவது தகவல் கேட்டால் அமேசான் நீதிமன்றம் போக வசதியாக முன்கூட்டியே, குறைந்தது இரண்டு வேலை நாளுக்கு முன், தெரிவிக்க வேண்டும் என்று தனியே ஒரு நிபந்தனை எழுதியிருந்தார்கள். இந்தியச் சட்டத்தில் அந்த வாய்ப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் நாள் கணக்கோடு.

முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், இரண்டாவது 90 நாளுக்குள். தகவல் ஆணையத்தில் விசாரணைக்கு வர நீண்ட காலம் ஆகலாம். காத்திருக்கும் நேரத்தில் சட்டமன்ற உறுப்பினர் வழியாகக் கேள்வி எழுப்புவதும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் மாநில அறிக்கைகளைப் பார்ப்பதும் வீண்போகாது. தணிக்கையாளருக்கு எந்த ரகசியக்காப்பும் பொருந்தாது. விதிமீறிய மானியம், குறைத்து விற்ற நிலம், சரிபார்க்காமல் கொடுத்த தொகை என்று தொழில் துறை பற்றிய பகுதிகளில் வரும் பத்திகளில் பெயர் குறிப்பிடாமல் 'ஒரு நிறுவனம்' என்று இருந்தாலும், ஏக்கரையும் ஆண்டையும் உங்களிடம் உள்ள குத்தகைப் பத்திரத்தோடு பொருத்தினால் ஆள் தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால் வேலை எளிது. உள்ளாட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், தொழிற்சங்கம் என்று யார் வழியாகவாவது நான்கு நிபந்தனைகளை எழுத வையுங்கள். ரகசியத்துக்குத் தேதியிட்ட முடிவு. சலுகைத் தொகையும் தண்ணீர், மின் அளவும் ரகசியத்தில் சேராது என்ற வரி. வேலை குறைந்தால் எத்தனை சதவீதம் திரும்பி வர வேண்டும் என்ற விகிதக் கணக்கு. 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுதியிருந்தால் எதுவும் திரும்பி வராது. ஆண்டுதோறும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற அறிக்கையை அரசுத் தளத்தில் போடும் கடமை. அமெரிக்காவில் 2015இல் வந்த 77ஆம் எண் அரசுக் கணக்கியல் தரம், வரிவிலக்கால் இழந்த தொகையை மாநிலங்களும் நகராட்சிகளும் ஆண்டுக் கணக்கிலேயே காட்ட வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் 5 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட உதவிகளைப் பெற்றவர் பெயரோடு பொதுப் பதிவேட்டில் ஏற்றத் தொடங்கினார்கள். முன்மாதிரி கேட்டால் இவ்விரண்டையும் காட்டலாம்.